இரண்டாவது டிஸ்க்

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக என் போனை எடுக்காதவனின் நலத்தை எந்த உரிமையில் விசாரிப்பது? ஆனாலும் ஆவல்தான். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது உன் அக்காவைப் பற்றிய கடிதம். போனில் பேசினால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அவள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

உன் அக்காவுக்கு மறதி வந்திருக்கிறது. யாருக்குத்தான் மறதி இல்லை என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவன் நான். ஆனால் வீட்டுச் சாவி ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் கிடைத்தால் என்ன செய்வது? காலையில் கேட்ட கேள்வியையே காபி ஆறுவதற்குள் மறுபடி கேட்டால்?

வாத்தியாராக இருந்த எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பரீட்சை வைத்தேன். சிரிக்காதே. பிள்ளைக்குப் பாடம் எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால்தானே மறுபடி சொல்லித்தர முடியும்? தினம் காலையில், "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்" என்பேன். முதல் நாள், "ஏன், உங்க காலண்டர் கிழிஞ்சு போச்சா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போக ஆரம்பித்தாள்.

சரி, அவளுக்குப் பிடித்ததாகக் கேட்கலாம் என்று ஒரு தையல்காரியைப் பற்றிய அந்தப் பழைய சினிமாவின் பேச்சை எடுத்தேன். நீ மாடியறையில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நாம் மூவரும் எத்தனை முறை பார்த்திருப்போம்! "அந்தப் படம் எப்படி முடியும்?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அவ கடையைப் பூட்டிட்டு ரயில் ஏறுவா. அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிடுவா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வருவா. பின்னாடியே ஒரு நாய் வரும். நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்களே!"

மாப்பிள்ளை, படத்தில் அவள் ரயில் ஏறுகிறாள். ரயில் போகிறது. முடிகிறது. எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை. எந்த நாயும் இல்லை. டிஸ்க்கைப் போட்டே காட்டினேன். கடைசி வரை பார்த்தாள். "யாரோ வெட்டிட்டாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களா?" என்றாள்.

அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. தலையாட்டுவதோடு சரி.

இந்த ஊர் எல்லையில், மறதிக்காரர்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். என் முழங்கால் இருக்கிற நிலையில் ஒற்றை ஆளாக நான் எவ்வளவு நாள் பின்னால் ஓட முடியும்? பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக இருந்தவன் நீ. உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. ஒரு வரி எழுது.

அன்புடன்,
அத்தான்

*

ஜூன் 9

அத்தானுக்கு,

கிழிக்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே ஒரு அம்மா காய்கறிப் பையோடு நின்று, "என்னப்பா, மேலே தூங்கிட்டியா?" என்று கத்தும் வரை படித்தேன்.

அக்கா சொன்னது சரி.

திரும்பப் படியுங்கள். அக்கா சொன்னது சரி. அந்தத் தையல்காரி அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். நாய் வருகிறது. அந்தப் படத்தின் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருந்தது. முதலாவதில் படம். இரண்டாவதில் படத்திலிருந்து வெட்டிய காட்சிகள், படம் எடுத்தவர்களின் பேச்சு, இன்னும் ஏதேதோ. அந்தக் காட்சி அதில் இருந்தது. ஏன் வெட்டினோம் என்று டைரக்டரே உட்கார்ந்து சொல்லுவார். எத்தனை தடவை எடுத்தாலும் அந்தத் தெருநாய் அவள் பின்னாலேயே வந்ததாம். விரட்டினாலும் வந்ததாம். நாய் வந்தால் ஜனங்கள் நாயைத்தான் பார்ப்பார்கள், அழ மாட்டார்கள் என்று தூக்கிவிட்டார்களாம்.

உங்களுக்கு இது தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே "சரி, அவ்வளவுதான்" என்று வேட்டியை உதறிக்கொண்டு பேப்பர் திருத்தப் போய்விடுவீர்கள். அதற்கப்புறம் நானும் அக்காவும்தான்.

"நீங்களா?" என்று கேட்டாளாமே. ஆமாம், நீங்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலமாரியை ஒழிக்கிறேன் என்று எல்லாப் படத்தையும் ஒரு ஜிப் வைத்த பைக்குள் அடுக்கினீர்கள். படம் மட்டும் உள்ளே. பெட்டிகளும் இரண்டாவது டிஸ்க்குகளும் பழைய பேப்பர்காரனோடு போயின. நான் கேட்டதற்கு, "போனஸ்தானேப்பா, அதுக்கென்ன?" என்றீர்கள். அக்கா முகம் வாடி அடுக்களைக்குப் போனாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். பிளாஸ்டிக்குக்காகக் கோபித்துக்கொண்டு போனான் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள்.

கேள்வித்தாள் தயாரித்தவர் பாதிப் பாடத்தைப் படிக்கவே இல்லை. பரீட்சை எழுதியவளை ஃபெயில் போட்டுவிட்டார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மச்சினன்

*

ஜூன் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் சுருக்கமாகவும் சூடாகவும் இருந்தது. நான் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் உன்னை நம்புவதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீ இங்கே வந்த புதிதில் சுவர்க் கடிகாரத்தை உடைத்தாய். உன் அக்கா, "பூனை தள்ளிடுச்சு" என்றாள். அப்போது நம் வீட்டில் பூனையே கிடையாது. உனக்காக அவள் ஒரு பூனையைப் படைத்தாள். அவளுக்காக நீ ஒரு நாயைப் படைக்க மாட்டாய் என்று என்ன நிச்சயம்?

இரண்டாவது, அந்தப் போனஸ் சமாசாரம். எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் இல்லை. கதை என்று ஒன்றைச் சொல்லி முடித்தாகிவிட்டது. அதற்கப்புறம் எதற்கு அடுப்படியைத் திறந்து காட்டுவது? விருந்து சாப்பிட்டு எழுந்தவன் கைகழுவிவிட்டுப் போவானா, பின்கட்டுக்குப் போய் எத்தனை பாத்திரம் கரி பிடித்தது என்று பார்ப்பானா? பக்கத்து அறையிலிருந்து எனக்கும் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. கதாநாயகன் கதாநாயகியைப் புகழ்கிறான். கதாநாயகி டைரக்டரைப் புகழ்கிறாள். டைரக்டர், "செட்டே ஒரு குடும்பம் மாதிரி இருந்துச்சு" என்கிறார். எல்லாப் படத்திலும் அதே குடும்பம். அப்படி ஒற்றுமையான குடும்பத்தை நான் என் சர்வீஸில் எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

அதையெல்லாம் விடு. சாவியை எழுதினேன், நீ அதைத் தொடவே இல்லை. பால் பாத்திரம் கருகியதை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். முந்தாநாள் உன் அக்கா நம் தெருமுனையில் நின்று மருந்துக் கடைக்காரரிடம் நம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள். அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து, "டீச்சர் ஐயா வீடா? அதோ, கோபமா ஒருத்தர் வாசல்ல நிக்கிறாரே, அந்த வீடு" என்றிருக்கிறார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறோம்! இது எந்த டிஸ்க்கிலும் இல்லை, மாப்பிள்ளை. இதற்கு உன்னிடம் என்ன பதில்?

ஆனால் ஒன்று. உன் கடிதம் வந்த அன்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்று, "அந்த நாய் என்ன நிறம்?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "அதுவும் பரீட்சையா?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கணக்கை நான் சொல்லித்தராத வழியில் போட்டிருந்தான். பார்த்து எழுதியதாக நினைத்துப் பூஜ்யம் போட்டேன். பிறகு உட்கார்ந்து சரிபார்த்தால் அவன் வழிதான் குறுக்குவழி. கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். அதுபோல இதிலும் தவறு என் பக்கம் இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு என்ன மறக்கிறது, எது மறக்கவில்லை என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் அவளை எங்கேயும் அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் காட்சியை என் கண்ணில் காட்டு. மாதக் கடைசிக்குள் காட்டு.

அன்புடன்,
அத்தான்

*

ஜூன் 22

அன்புள்ள அத்தானுக்கு,

போன கடிதத்தில் "அன்புள்ள" போடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இதில் போட்டிருக்கிறேன்.

மருந்துக் கடை விஷயத்தை இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சாவியைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம்தான். அக்கா சொன்னது சரி என்று ஒரு விஷயத்தில் நிரூபித்துவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகாது என்று எனக்கும் தெரியும்.

பூனையை நீங்கள் இன்னும் மறக்கவில்லை. சரி, அந்தக் கடிகாரத்துக்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போனஸ் பற்றி நீங்கள் எழுதியது முக்கால்வாசி உண்மை. பத்தில் எட்டு குப்பைதான். அந்த 'செட்டே குடும்பம்' பேச்சு வரும்போதெல்லாம் அக்கா ரிமோட்டை எடுத்து, "இவங்க ஒற்றுமை போதும்டா சாமி" என்று ஓட்டிவிடுவாள். மிச்சம் இரண்டுக்காகத்தான் உட்கார்ந்திருப்போம். ஒரு படத்தில் டைரக்டரும் கேமராமேனும் வயதான காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் படத்துக்குத் தாங்களே விளக்கம் சொல்லுவார்கள். ஒரு மழைக் காட்சி வரும். இவர் "அது நிஜ மழை" என்பார். அவர் "இல்லய்யா, தண்ணி லாரி" என்பார். படத்தில் யாரோ செத்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் லாரிக்காகச் சண்டை போடுவார்கள். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரித்துச் சிரித்து. "இதுல யாருக்கு மறதின்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். அப்போது அது வெறும் வேடிக்கைக் கேள்வி.

அந்த சோபா நினைவிருக்கிறதா? இடதுபக்க ஸ்பிரிங் போனது. யார் உட்கார்ந்தாலும் நடுவில் சரிந்து வருவோம். விளக்கை அணைத்துவிட்டு அக்கா காலை மடக்கி உட்கார்ந்தால் வாரம் முழுக்கச் செய்த வேலை அவள் தோளிலிருந்து இறங்குவது தெரியும். படம் முடிந்தால் அந்த நேரமும் முடிந்துவிடும். அடுத்தது சமையலறை, பாத்திரம், காலை அலாரம். அதனால்தான் எதையாவது போடச் சொல்லுவாள். "முடிஞ்சு போச்சுன்னு நெனச்சது இன்னும் கொஞ்சம் இருக்குன்னா, அது சும்மாவாடா?" என்பாள். எனக்குப் புதிய ஊர், புதிய வேலை, மேலதிகாரி திட்டு. எனக்கும் அந்த இன்னும் கொஞ்சம் தேவையாக இருந்தது.

லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குப் பெட்டியும் கண்ணாடியும்தான் தெரியும். மறுபக்கம் ஒரு எடைக்கல் இருக்கிறது. பெட்டி மேலே போனால் அது கீழே வரும். அதைப் பார்த்தவனுக்கு லிஃப்டில் பயம் வராது. உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில் போட்ட கிறுக்கல் கணக்குக்கும் மதிப்பெண் கொடுத்த ஒரே வாத்தியார் நீங்கள்தான் என்று உங்கள் மாணவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இனி விஷயம். டிஸ்க் கிடைத்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கினேன். இப்போது யார் டிஸ்க் விற்கிறார்கள்? கடைசியில் நான் வழக்கமாக லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தில், நாலாவது மாடியில், ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். லிஃப்ட் கதவு சத்தம் போடுகிறது என்று புகார் கொடுத்தவர். கையெழுத்து வாங்க உள்ளே போனால் சுவர் முழுக்கப் படப் பெட்டிகள். நம் தையல்காரி நடுவில் நிற்கிறாள். இரவல் கேட்டேன்.

"பல்லைக்கூட இரவல் தருவேன். டிஸ்க் தர மாட்டேன்" என்றார்.

அக்காவைப் பற்றிச் சொன்னேன். எழுந்து சுவர்ப் பக்கம் போனார். பிறகு பெட்டியை எடுத்துத் துணியால் துடைத்தார். "ஓரத்தைப் பிடிச்சு எடுக்கச் சொல்லுங்க. உங்க அத்தான் வாத்தியார்ங்கிறீங்க, சாக்பீஸ் கை" என்று கொடுத்தார்.

பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளோடு உட்கார்ந்து பாருங்கள். கேள்வி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
மச்சினன்

*

ஜூன் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தேன்.

அன்று மாலையே போட்டேன். உன் அக்கா பழைய புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டிவி சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் ஊசியைப் புடவையிலேயே குத்திவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். எனக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். அவள் விரலுக்கு வழி தெரிந்திருந்தது.

அந்தக் காட்சி வந்தது. ஸ்டேஷன். தையல்காரி இறங்குகிறாள். ரயில் போகிறது. செருப்பு அறுகிறது, இரண்டையும் கழற்றிக் கையில் எடுக்கிறாள், நடக்கிறாள். நாய் வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது. அவள் நின்றால் அது நிற்கிறது. அவள் திரும்பி முறைத்தால் அது வேறெங்கோ பார்க்கிறது, என் வகுப்பில் கடைசி பெஞ்சு பையன்கள் பார்ப்பதுபோல.

அந்தக் காட்சி இல்லாமலே இத்தனை வருஷம் நான் அந்தப் படத்தைச் சோகப் படம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள் உன் அக்கா.

"பாத்தேன்."

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன. நான்தான் தப்பு."

"இதைச் சொல்ல இத்தனை நாளா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு அந்த டைரக்டர் பேசினார். பிறகு உடைகள் தைத்த விதம், பாட்டுப் பதிவு, அந்தக் குடும்பம் எல்லாம் வந்தன. உடை தைத்ததைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. குடும்பம் வந்ததும் அவள் ஓட்டிவிட்டாள்.

மறுநாள் அவளே, "வாங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம். எனக்கு என்னமோ ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க கேள்வி கேக்குற விதம்தான் பிடிக்கலை" என்றாள். போனோம். மறதி வந்திருப்பது நிஜம்தான். ஆரம்பம். மெல்லத்தான் போகும், ஆனால் போகும் என்றார் டாக்டர். பழகிய வீடு, பழகிய மனிதர்கள், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருந்தால் வீட்டிலேயே வெகுநாள் இருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் இல்லத்துக்குப் போன் செய்து அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். என் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாடியறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வா என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. வந்தால் நல்லது.

இன்னும் ஒன்று, இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும் என் முழங்கையில் இடித்து, "அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க, நாயைப் பாத்து. கண்ணாடி கீழே விழுந்துடுச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள். நான் அன்றைக்கு அங்கே இல்லை, மாப்பிள்ளை. நீயே எழுதினாய், நான் பேப்பர் திருத்தப் போயிருப்பேன் என்று. அந்த நாயை நான் இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். அவள் நினைவில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மறதி அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். இப்படி இல்லாததைக் கொடுக்கவும் செய்யுமா?

"ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் உண்மை பேசு என்று சொன்னவன். சொன்னது சரியா? நான் அங்கே இல்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டுமா? நீ சொல்.

அன்புடன்,
அத்தான்

*

ஜூலை 5

அன்புள்ள அத்தானுக்கு,

இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊர்க் கிளையில் ஆள் தேவை இருக்கிறதாம். அது நடக்கும் வரை லீவு போட்டுவிட்டு, வரும் சனிக்கிழமை வருகிறேன். பல் டாக்டரிடம் படப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தினம் லிஃப்ட் வாசலில் நின்று, "உங்க அக்கா பாத்தாங்களா? நாயைப் பாத்துச் சிரிச்சாங்களா?" என்று கேட்கிறார். சிரித்தாள் என்றேன். இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அக்காவைப் பார்த்த டாக்டர் சொன்னதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுத வரவில்லை. நேரில் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், ஏனென்றால் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் அன்றைக்கு இருந்தீர்கள்.

சோபாவில் இல்லை. பக்கத்து அறையில் பரீட்சைப் பேப்பர் கட்டோடு இருந்தீர்கள். நாங்கள் சிரித்த சிரிப்பில், "அங்க என்ன கூத்து?" என்று கத்தினீர்கள். "வந்து பாருங்க" என்றாள் அக்கா. "முப்பது பேப்பர் இருக்கு" என்றீர்கள். அவர் வராவிட்டால் நாம் போவோம் என்று அக்கா எழுந்தாள். இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, உங்கள் மேஜையைச் சுற்றி அந்தத் தையல்காரி மாதிரியே சோகமாக நடந்தாள். திரும்பித் திரும்பி முறைத்தாள். நீங்கள் பேனாவோடு அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணாடி கழன்று யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள் மேல் விழுந்தது. "ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி திருத்த ஆரம்பித்தீர்கள்.

உங்களுக்கு அது மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. பயப்படாதீர்கள், இதற்காக உங்களை யாரும் எந்த இல்லத்திலும் சேர்க்கப் போவதில்லை.

ஒரே ஒரு திருத்தம்தான். நீங்கள் பார்த்துச் சிரித்தது படத்தில் வந்த நாயை அல்ல. அக்காவுக்குப் பின்னால், சமையலறைத் துணியை வாலாக இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு காலில் உங்கள் மேஜையைச் சுற்றி வந்தது நான்.

அன்புடன்,
மச்சினன்